விலை ஏன் குறைவு என்று கேளுங்கள்: வடசென்னையில் முதல் சொத்து வாங்குபவர்களுக்கு

முதன்முதலாக மனையோ வீடோ வாங்கப் போகும் இளைஞர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்த ஏரியா ஏறும்?" தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்து, இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வாங்கியும் விற்றும் வாடகைக்கு விட்டும் பழகியவன் நான். அதனால் என் கையில் ஏதோ பட்டியல் இருக்கும் என்று நம்பி வருகிறார்கள். பட்டியல் எதுவும் கிடையாது. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறொரு கேள்வி. நீ பார்த்து வைத்திருக்கிற இடம் ஏன் மலிவாக இருக்கிறது?

வடசென்னையில் விலை தென்சென்னையைவிடக் குறைவு என்பது ஊரறிந்த விஷயம். நகரத்துக்குள்ளேயே, கையில் இருக்கும் சேமிப்பைக் கொண்டு ஒரு சொத்து வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை இங்கேதான் மிச்சமிருக்கிறது. ஆனால் மலிவுக்குக் காரணம் இல்லாமல் இருக்காது. அந்தக் காரணம் இன்னும் பத்து வருடத்தில் நீங்கக்கூடியதா, எத்தனை வருடமானாலும் நீங்காததா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் முதலீட்டில் பாதி வேலை முடிந்தது.

நீங்கிப்போன காரணத்துக்கு நல்ல உதாரணம் திருவொற்றியூர். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் ஊர்ந்துதான் பாரிமுனைக்கு வர வேண்டும் என்றிருந்த காலத்தில், வாடகைக்கு வீடு தேடுபவர்கள் அந்தப் பக்கம் திரும்பவே யோசிப்பார்கள். 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதும் அந்தத் தயக்கம் குறைந்தது. தேரடி, காலடிப்பேட்டை நிலையங்களிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் வீடுகளை அண்ணாசாலையில் வேலை பார்ப்பவர்களும் இப்போது விசாரிக்கிறார்கள். அடுத்து மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு ஒன்று, சோழிங்கநல்லூருக்கு ஒன்று என இரண்டு மெட்ரோ பாதைகள் வேலையில் இருக்கின்றன. முதல் பாதை மூலக்கடை, செம்பியம், பெரம்பூர் வழியாகப் போகிறது. ரயில் வரப்போகிறது என்பது விற்பவருக்கும் தெரியும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். தரகர் சொல்லும் விலையில் அந்த ரயிலுக்கான டிக்கெட் பணத்தை ஏற்கெனவே சேர்த்துத்தான் சொல்கிறார். நிலையத்துக்கு நடந்து போக முடியும் என்றால் கூடுதல் விலை கொடுக்கலாம். ஷேர் ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய தெருவுக்கு அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

நீங்காத காரணங்களில் முதலாவது கடல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டியபோது, தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல்தடுப்புகளான தூண்டில் வளைவுகள் அமைத்தார்கள். அரிப்பின் வேகம் குறைந்திருக்கலாம். ஆனால் துறைமுகம் அங்கேதான் இருக்கப் போகிறது. கரையோரத் தெருவில் மலிவாக வீடு வந்தால், கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடுள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா, இடித்துக் கட்ட அனுமதி கிடைக்குமா என்பதை விலை பேசுவதற்கு முன்பே விசாரியுங்கள்.

இரண்டாவது கொசஸ்தலை ஆறு. பூண்டி ஏரியில் உபரிநீர் திறந்தால் மணலி புதுநகரும் சடையங்குப்பமும் என்னவாகும் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டால் தேதி வாரியாகச் சொல்வார்கள். கால்வாய்களும் அப்படித்தான். பக்கிங்ஹாம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய், ஓட்டேரி நல்லா ஆகிய இவற்றின் கரையை ஒட்டிய தெருக்களை நான் எப்போதும் தனியாகவே வைத்துப் பார்ப்பேன்.

தண்ணீர் விஷயத்தில் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டிய தேவையே இல்லை. வீடே சொல்லிவிடும். மூலக்கடையை ஒட்டிய ஒரு தெருவில் வீடு பார்க்க என் அக்கா மகன் என்னை அழைத்துப் போனான். "மாமா, விலை பேசி முடித்துவிட்டேன். நீங்கள் ஒருமுறை பார்த்தால் போதும்" என்றான். உள்ளே நுழையும்போதே இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, வீட்டைவிடச் சாலை உயர்ந்துவிட்டிருந்தது. சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆனால் இடுப்பு உயரம் வரைதான் புதிது, அதற்கு மேல் பழைய நிறம். இரும்புக் கதவின் கீழ்ப்பகுதி மட்டும் துருவேறி இற்றுப்போயிருந்தது. பக்கத்து வீடுகளில் மின் மீட்டர் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி மாட்டியிருந்தார்கள். தண்ணீர் மோட்டாரைத் தரையில் வைக்காமல் செங்கல் மேடை கட்டி அதன்மேல் வைத்திருந்தார்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெரியவரிடம், "2015 டிசம்பரில் இங்கே எதுவரை தண்ணீர் வந்தது ஐயா?" என்று கேட்டேன். வண்டியின் சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் கையை வைத்துக் காட்டினார். 2023 மிக்ஜாம் புயலுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு என்றார். அவன் முன்பணம் கொடுத்திருக்கவில்லை. வாங்கவும் இல்லை.

2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர். இந்த மூன்று மழைக்கும் இந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று தெருவாசிகள் நான்கு பேரிடமாவது தனித்தனியாகக் கேளுங்கள். வந்த தண்ணீர் சில மணி நேரத்தில் வடிந்துவிடும் தெரு வேறு, நாள்கணக்கில் நிற்கும் தெரு வேறு. வீட்டை முதலில் பார்க்கப் போவது கோடையாக இருந்தாலும், மழைக்காலத்தில் ஒருமுறை பார்க்காமல் நான் வாங்கச் சொல்லமாட்டேன். "அதற்குள் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள்" என்று தரகர் அவசரப்படுத்தினால், வாங்கிக்கொள்ளட்டும்.

நீங்குமா நீங்காதா என்று சொல்ல முடியாத காரணங்களும் உண்டு. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு, மணலி, எண்ணூர் ஆலைகள். குப்பையைப் பிரித்து அகற்றும் பணி நடக்கிறது. அது முடிந்தால் சுற்றியுள்ள தெருக்களின் மதிப்பு மாறும் என்று சொல்லி விற்கிறார்கள். மாறட்டும், நல்லதுதான். ஆனால் மாறிய பிறகு கொடுக்க வேண்டிய விலையை இப்போதே கொடுக்க வேண்டாம். எண்ணூரைப் பொறுத்தவரை என் மனம் இன்னும் ஆறவில்லை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் வலைகளும் படகுகளும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். என் குடும்பத்தைக் குடிவைக்கத் துணியாத இடத்தில், வாடகை வருகிறது என்பதற்காக இன்னொருவர் குடும்பத்தைக் குடிவைக்க நான் வாங்கமாட்டேன். இதை முதலீட்டு அறிவுரை என்று எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

இனி பத்திரம். வடசென்னையில் மலிவுக்குப் பாதிக் காரணம் மண்ணில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. பழைய ஊர் இது. வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் ஒரு வீடு நான்கு தலைமுறை கைமாறியிருக்கும். தாத்தா வாங்கியது, அப்பா அனுபவித்தது, பிள்ளைகள் விற்பது. இடையில் பிறந்த பெண்களும் திருமணமாகிப் போன பெண்களும் எங்கே என்பதுதான் கேள்வி.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பின்புறம் உள்ள ஒரு வீட்டின் ஆவணங்களை நண்பர் ஒருவருக்காகப் பார்த்தேன். 1968 கிரயப் பத்திரம், தந்தை பெயரில். வில்லங்கச் சான்றிதழ், அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் சான்று, சுத்தம். விற்பவர்கள் இரண்டு அண்ணன் தம்பிகள். வாரிசுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் தாய், இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். தாயும் காலமாகிவிட்டார். மகள்களின் விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதிய பத்திரம், எங்கே என்று கேட்டேன். "தங்கைகள் கேட்கமாட்டார்கள் சார், நல்ல குடும்பம். சீர்செய்து கொடுத்தாகிவிட்டது" என்றார் தரகர். நல்ல குடும்பமாகவே இருக்கட்டும். இந்துத் தந்தை ஒருவர் தான் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் பெண்களுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் திருத்தம் கொண்டுவந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. சீர் கொடுத்ததால் பங்கு போய்விடாது. தங்கைகள் இருவரும் வந்து கையெழுத்திட்ட பிறகுதான் நண்பர் பணம் கொடுத்தார். அவர்கள் இருவருக்கும் உரிய பங்கும் கிடைத்தது, அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களின் சொத்து என்றால் வாரிசுரிமைக் கணக்கு வேறு. ராயபுரம் பக்கம் வாங்குபவர்கள் அதில் பழக்கமுள்ள வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே 1975 முதல் பார்க்கலாம். ஆனால் பதிவு செய்யப்பட்டது மட்டும்தான் அதில் வரும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு, கல்கத்தா, மதராஸ், பம்பாய் ஆகிய நகரங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மூலப்பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம் செல்லும் என்கிறது. வங்கிகள் அதைப் பதிவு செய்துவிடுவார்கள். தனியாரிடம் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தால் வில்லங்கச் சான்றிதழில் ஒரு வரிகூட இருக்காது. ஆகவே தாய்ப் பத்திரம் என்றும் சொல்லும் அந்த மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். நகலைக் காட்டி, "அசல் எங்கேயோ இருக்கிறது, பதிவு நாளில் தருகிறோம்" என்றால் முன்பணம் கொடுக்க வேண்டாம். தொலைந்துவிட்டது என்றால் காவல்துறைச் சான்று, பத்திரிகை அறிவிப்பு எல்லாம் முடியும் வரை பொறுத்திருங்கள்.

பத்திரத்தில் எல்லோரும் விலையையும் பெயரையும்தான் படிக்கிறார்கள். நான் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தை முதலில் படிப்பேன். பழைய சர்வே எண், புதிய சர்வே எண், நகர நில அளவை எண், நான்கு எல்லைகள், நீள அகலம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று வடக்கே யார் வீடு, கிழக்கே என்ன தெரு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். டேப் வைத்து அளந்தால் பத்திரத்தில் 20 அடி என்றிருப்பது இடத்தில் 18½ அடியாக இருப்பது இங்கே சாதாரணம். அந்த ஒன்றரை அடி பக்கத்து வீட்டுச் சுவருக்குள் இருக்கும்.

திருவொற்றியூரில் தியாகராஜ சுவாமி கோயிலைச் சுற்றி வாங்குபவர்கள் நிலம் யாருடையது என்று தனியாகக் கேட்க வேண்டும். மனை கோயிலுக்குச் சொந்தம், மேலே உள்ள கட்டடம் மட்டும் விற்பனை என்ற வகை உண்டு. அதை வாங்கினால் நீங்கள் கோயிலின் குடித்தனக்காரர், நில உரிமையாளர் அல்ல. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் அரசு வாரியம் கட்டி ஒதுக்கிய குடியிருப்புகள். ஒதுக்கீடு பெற்றவர் தவணை முழுவதும் கட்டி, வாரியத்திடமிருந்து கிரயப் பத்திரம் பெறும் வரை அவருக்கே அது சொந்தமில்லை. முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் உங்களுக்கும் சொந்தமாகாது. உரிமையாளர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பொது அதிகாரப் பத்திரத்தை வைத்தே விற்றதாகச் சொல்வதும் உரிமை மாற்றம் ஆகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வங்கி வழக்கறிஞர் பார்த்துவிட்டார், அது போதாதா என்று கேட்பார்கள். அவர் வங்கியின் பணத்துக்குக் காவல். உங்கள் சேமிப்புக்கு நீங்களே ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணத்தைச் செலவாக நினைக்காதீர்கள்.

இனிக் கணக்கு. ஓர் உதாரணம் போடுகிறேன். 60 லட்சத்துக்கு இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. மாதம் 16,000 வாடகை. ஆண்டுக்கு 1,92,000, அதாவது 3.2 சதவீதம். சொத்து வரி, வெள்ளையடிப்பு, ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி என்று கழித்தால் இன்னும் குறையும். வங்கி 48 லட்சம் கடன் கொடுக்கிறது, வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு. மாதத் தவணை சுமார் 41,650. வாடகை போக மாதம் 25,000-க்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். வேலை போனால் எத்தனை மாதம் தாங்குவீர்கள்? ஆறு மாதத் தவணை தனியாக இல்லாதவர் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கையிலிருந்து போட வேண்டியதும் 12 லட்சத்தோடு முடியாது. மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்றால் 5,40,000. கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் ஜிஎஸ்டி. 50 லட்சமோ அதற்கு மேலோ விலை என்றால் 1 சதவீதத்தை விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் பொறுப்பும் வாங்குபவருடையது.

இதனால்தான் முதல் முதலீட்டுக்குப் புது அடுக்குமாடியைவிட, பிரச்சினையில்லாத பத்திரமுள்ள, இரண்டு மூன்று குடித்தனங்கள் இருக்கக்கூடிய சிறிய பழைய வீட்டையே நான் விரும்புகிறேன். ஒரு பகுதி காலியானாலும் மற்றவற்றிலிருந்து வாடகை வரும். ஸ்டான்லி மருத்துவமனை, துறைமுகம், பெரம்பூர் ரயில்வே ஆலைகள், எம்.சி. ரோட்டுக் கடைகள் ஆகியவற்றுக்கு நடந்தோ சைக்கிளிலோ போகிறவர்கள் இருக்கும் வரை அந்த வீடுகள் நெடுநாள் பூட்டிக் கிடப்பதில்லை. கட்டடம் பழசாகும், மண் பழசாகாது. அடுக்குமாடிதான் வேண்டும் என்றால், சதுர அடி விலையைக் கேட்பதற்கு முன் பிரிபடாத பாகம், அதாவது நிலத்தில் உங்கள் பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடியில் ஆறு வீடு என்றால் ஒருவருக்கு 400 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் 280 என்று இருந்தால் மீதி யாரிடம் இருக்கிறது என்று விடை கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

செங்குன்றம், சோழவரம், மீஞ்சூர், பொன்னேரி மனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டு விற்கும் இடத்தில் யாரும் யோசித்து வாங்குவதில்லை. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா, அங்கீகார எண் என்ன, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு உண்டா என்று நீங்களே பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு பதிவில்லாமல் விற்கப்படக் கூடாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அந்த வரன்முறை ஆணை இல்லாத பழைய மனையை, "பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்ற பேச்சில் எடுக்க வேண்டாம். மீஞ்சூர் பக்கம் இன்னொன்று. அளவுக்கு மீறி நீர் உறிஞ்சியதால் அங்கே நிலத்தடியில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. மனையைப் பார்த்த கையோடு பக்கத்து வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துப் பாருங்கள். வெற்று மனை வாடகை தராது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கடன் வாங்கி வெற்று மனை வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

விலை முடிந்தால், கிரயத்துக்கு முன் எழுதும் கிரய உடன்படிக்கையைப் பதிவு செய்யுங்கள். பணம் முழுவதும் வங்கி வழியாகவே போகட்டும். ரொக்கமாகப் பாதி என்று கேட்பவரிடம் வாங்கினால், நாளை நீங்கள் விற்கும்போது அந்தப் பாதியும் சேர்ந்து உங்கள் லாபக் கணக்கில் ஏறும்.

பதிவு முடிந்ததும் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பலர் பத்திரத்தைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் வாரியக் கணக்கு ஆகிய நான்கிலும் பெயர் மாறும் வரை வேலை முடியவில்லை. வடசென்னையில் இன்றைக்கும் தாத்தா பெயரில் மின்கட்டணம் வரும் வீடுகள் எத்தனையோ. விற்கப் போகும்போதுதான் அந்தச் சிக்கல் தெரியும்.

வாடகைக்கு விடும்போது ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதைக் கேட்கிறது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்பதையே அந்தச் சட்டம் அளவாகச் சொல்கிறது. பத்து மாதம் வாங்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். மொத்தமாகப் பல லட்சம் வாங்கிக்கொண்டு லீஸுக்கு விட்டு, அந்தப் பணத்தை அடுத்த வீட்டுக்கு முன்பணமாகப் போடச் சொல்லும் ஆலோசனையும் உங்கள் காதுக்கு வரும். மூன்று ஆண்டு கழித்து அந்தக் குடும்பம் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது உங்களிடம் சுவர்தான் இருக்கும், பணம் இருக்காது. வாங்கிய முன்பணம் எவ்வளவாக இருந்தாலும் அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள். குடித்தனக்காரர் சாவியைக் கொடுக்கும் அன்றே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.